காயும் கணக்கு: கடற்கரைப் பட்டதாரிகளுக்கு ஒரு வேலை வழி

இயற்பியல், வேதியியல், மெக்கானிக்கல், கெமிக்கல், சிவில் என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு, "சென்னைக்குப் போய் ஐடியில் சேர்வதைத் தவிர வேறு வழியே இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்கிற ஆலந்தலை, திருச்செந்தூர், மணப்பாடு, காயல்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வழி இருக்கிறது. நுண்குழாய்களிலும் நுண்துளைகளிலும் அடைபட்ட திரவம் ஆவியாகிக் காய்வதைக் கணினியில் சிமுலேஷன் செய்து பார்க்கும் வேலை அது. ஒரு பொருள் எவ்வளவு நேரத்தில் காயும், எந்த இடம் முதலில் காயும், காயும்போது அது வெடிக்குமா, உதிருமா என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கருவாடு முதல் செயற்கைக்கோள் வரை இதற்குத் தேவை இருக்கிறது.

ஆலந்தலைக்காரர்களுக்குக் காய்தல் புதுச் சங்கதி அல்ல. நெத்திலியும் சாளையும் விரிக்கிறவர்களுக்கு எந்தக் காற்றுக்கு எத்தனை வெயில் வேண்டும் என்பது கைக்கணக்கு. வடக்கே ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடி வரை உப்பளங்கள். வீடுகளிலோ தரையிலிருந்து ஓதம் ஏறி, சுவரில் உப்புப் பூத்து, காரை பொரிந்து கொட்டுகிறது. உப்புப் பாத்தியில் இருப்பது திறந்த நீர். அதன் கணக்கு எளிது. மீனின் சதையிலும் சுவரின் காரையிலும் இருப்பது மயிரிழையைவிட மெல்லிய துளைகளுக்குள் மாட்டிக்கொண்ட நீர். அதன் கணக்குக்குத்தான் கணினி தேவைப்படுகிறது.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மென்பொருளை ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. எதைக் கணக்கில் சேர்க்க வேண்டும், எதைத் துணிந்து விட்டுவிடலாம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். அந்தத் தெளிவு காகிதத்தில் கணக்குப் போட்டும், கண்ணால் சோதனையைப் பார்த்தும் வருவது. இங்கே நான் சொல்லும் வரிசையும் அதனால்தான் காகிதத்தில் தொடங்குகிறது.

ஒரே ஒரு குழாயில் தொடங்குங்கள்

எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் உருகுநிலை காண்பதற்கான கண்ணாடி நுண்குழாய்கள் இருக்கும். சுமார் 1 மி.மீ. விட்டம். இரு முனையும் திறந்த ஒன்றை எடுத்து, நீரில் வைத்து ஏற்றி, ஒரு முனையை மெழுகால் அடைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலை ஒட்டி, காற்று வீசாத அலமாரியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் செல்போனில் படம் எடுங்கள். திறந்த முனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு ஈரப்பதமானி இருக்கட்டும்.

இனி கணக்கு. 1870களில் வியன்னாவில் யோசெப் ஸ்டெஃபான் இதைச் செய்து காட்டினார். நீர்மட்டத்துக்கு ஒட்டிய காற்றில் நீராவி நிறைந்திருக்கும். குழாயின் வாயில் வெளிக்காற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆவியை வெளியே இழுக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் நிறைவுற்ற காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவி வைத்திருக்கும். வெளியே ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அங்கே 21 கிராம். வித்தியாசம் 9 கிராம். நீராவி காற்றில் விரவும் வேகம் நொடிக்குச் சுமார் 0.26 சதுர செ.மீ. இவற்றைப் போட்டுப் பார்த்தால் நீர் முதல் 1 செ.மீ. உள்ளே போக ஏறக்குறைய இரண்டரை நாள் ஆகும். 2 செ.மீ. போக ஐந்து நாள் அல்ல, பத்து நாள். நீர் உள்ளே போகப் போக ஆவி கடக்க வேண்டிய தூரம் கூடுவதால் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் நீள்கிறது. தூரத்தின் வர்க்கத்தை ஒரு அச்சிலும் நாளை இன்னொரு அச்சிலும் வைத்து வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். அசிட்டோனில் செய்தால் நாள்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கிவிடும். ஆனால் நெருப்புப் பக்கத்தில் வேண்டாம்.

இந்தக் கணக்கில் குழாயின் விட்டம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வட்டக் குழாய் மெல்லியதானாலும் தடித்ததானாலும் காயும் நேரம் ஒன்றுதான். சோதித்துப் பார்க்க நல்ல விஷயம் இது.

இப்போது நீருக்குப் பதில் உப்பின் நிறைகரைசலை ஏற்றுங்கள். கறியுப்பின் நிறைகரைசல் 75 சதவீத ஈரப்பதத்தோடு சமநிலையில் நிற்கும். வெளியே 70 சதவீதம் என்றால் மிச்சமிருக்கும் வித்தியாசம் ஐந்து சதவீதம்தான். அதாவது ஒன்பது கிராமுக்குப் பதில் ஒன்றரை கிராம். காய்வதற்கு ஆறு மடங்கு நேரம் ஆகும். வெளியே 80 சதவீதம் ஆகிவிட்டால் காய்வதே நின்று, உப்புநீர் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும்.

கடற்கரை வீடுகளின் சுவர் ஏன் உதிர்கிறது என்பதற்கான விடை இந்த 75-இல்தான் இருக்கிறது. இரவில் கடற்காற்றின் ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேலே போனால் காரைக்குள் இருக்கும் உப்பு கரைகிறது. பகல் வெயிலில் எல்லைக்குக் கீழே வந்ததும் மறுபடி படிகமாகிறது. படிகம் வளரும்போது துளையின் சுவரை நெட்டித் தள்ளுகிறது. நாளுக்கு ஒரு முறை, ஆண்டுக்கணக்காக இது நடந்தால் காரை தாங்காது. உப்பு வெளிப்பரப்பில் பூத்தால் துடைத்துவிடலாம், பெரிய சேதமில்லை. காரைக்கு உள்ளேயே படிந்தால்தான் அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும். உப்பு எங்கே படியும் என்பது, நுண்துளைகள் நீரை மேற்பரப்புக்குக் கொண்டுவரும் வேகமும் காற்று அதை எடுத்துச்செல்லும் வேகமும் போட்டிபோடுவதைப் பொறுத்தது. நீர்வரத்து ஈடுகொடுத்தால் உப்பு வெளியே, தோற்றால் உள்ளே. பழைய சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமெண்டைப் பூசி, அதற்குமேல் காற்றுப் புகாத பெயிண்டையும் அடித்துவிட்டு, "பூசி ரெண்டு வருஷம்கூட ஆகலையே" என்று வருந்துகிறவர்கள் வீட்டில் நடப்பது இரண்டாவது வகை.

திருச்செந்தூர்க் கோயிலின் பழைய மணற்கல் கட்டுமானம் கடற்காற்றில் அரித்துப்போக, மௌனசாமி, காசிசாமி, ஆறுமுகசாமி ஆகியோர் வாழ்நாளைக் கொடுத்துத் திருப்பணி செய்தார்கள். நாழிக்கிணறுப் பக்கம் போகிறவர்கள் மூவர் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். கடலோரக் கல்லுக்கு எது எதிரி என்று அந்த ஊர் நெடுங்காலமாக அறியும். அந்த அறிவுக்கு எண்களைக் கொடுப்பதுதான் நம் வேலை.

கணினி எங்கே திணறும்

இங்கேதான் புதியவர்கள் பலர் வழி தவறுகிறார்கள். "இயக்கச் சமன்பாடுகளை முழுதாகத் தீர்க்கிற மென்பொருள் இருக்கிறதே, அதில் குழாயை வரைந்து ஓட்டினால் போதாதா?" என்று நினைக்கிறார்கள். போதாது. ஏன் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

சுவரில் இருப்பது போன்ற 20 மைக்ரான் அகலத் துளையை எடுத்துக்கொள்வோம். நீரின் வளைந்த பிறைப்பரப்பை ஓரளவு சரியாகப் பிடிக்க 1 மைக்ரான் கட்டங்கள் வேண்டும். பரப்பு இழுவிசையால் எழும் சிற்றலைகள் கணக்கைக் குலைக்காமல் இருக்க, ஒவ்வொரு காலப் படியும் ஒரு மைக்ரோ வினாடியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 1 செ.மீ. காய இரண்டரை நாள் என்று மேலே பார்த்தோம். அந்த இரண்டரை நாளை இந்தப் படிகளால் கடக்க சுமார் 4.3 லட்சம் கோடி படிகள் வேண்டும். கணினி நொடிக்கு ஆயிரம் படி போட்டாலும் ஏறக்குறைய 140 ஆண்டு ஆகும். அதுவும் ஒரே ஒரு துளைக்கு.

இதைப் பெரிய கணினியால் வெல்ல முடியாது. யோசனையால்தான் வெல்ல முடியும். நீர்மட்டம் நகரும் வேகத்தைப் பாருங்கள்: இரண்டரை நாளில் 1 செ.மீ. பாகியல் விசைக்கும் பரப்பு இழுவிசைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டால் ஆயிரம் கோடியில் ஐந்து பங்குதான் வருகிறது. அதாவது நீருக்குள் ஓட்டம் என்பது கிட்டத்தட்ட இல்லை. பிறைப்பரப்பு ஒவ்வொரு கணமும் சமநிலையிலேயே இருக்கிறது. அப்படியானால் நீரின் இயக்கச் சமன்பாட்டையே விட்டுவிடலாம். ஆவி விரவுவதை மட்டும் தீர்த்து, போன ஆவிக்கு ஏற்ப நீர்மட்டத்தை நகர்த்தினால் போதும். 140 ஆண்டு வேலை மடிக்கணினியில் சில நொடிகளில் முடிகிறது. இந்த முடிவை எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் நேர்காணலில் மதிப்பு.

முழு மென்பொருளுக்கு இன்னொரு நோயும் உண்டு. நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையைக் கட்டங்களில் பிடிக்கும்போது, இல்லாத நீரோட்டம் ஒன்று எல்லையோரம் தோன்றும். காய்தல் மிக மெதுவாக நடப்பது என்பதால் இந்தப் பொய் ஓட்டம் உண்மையான நகர்வைவிடப் பன்மடங்கு வேகமாகத் தெரியும். வண்ணப்படம் அழகாக இருக்கும், விடை தப்பாக இருக்கும். உங்கள் சிமுலேஷனில் நீர் சுழல்கிறது என்றால், முதலில் அந்தச் சுழலைச் சந்தேகப்படுங்கள்.

சரி, வட்டக் குழாய் எளிது. சதுரக் குழாய்? பிரான்சின் துலூஸ் நகரில் மார்க் பிராவும் அவரது சகாக்களும் 2009-இல் ஒற்றைச் சதுர நுண்குழாய் மூன்று கட்டங்களாகக் காய்வதைக் காட்டினார்கள். பெருநீர் உள்ளே பின்வாங்கினாலும், நான்கு மூலைகளிலும் மெல்லிய நீர்ப்படலம் வாய்வரை நின்று, நீரைத் தொடர்ந்து வெளியே கொண்டுவந்துகொண்டே இருக்கும். அதனால் காயும் வேகம் வெகுநேரம் குறையாது. மூலைப்படலம் வாயிலிருந்து அறுந்த பிறகுதான் வேகம் விழும். நீர் கண்ணாடியைத் தொடும் சேர்கோணம் 45 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இந்தப் படலம் நிற்கும். உண்மையான கல்லிலும் காரையிலும் மீன்சதையிலும் வட்டத் துளை கிடையாது, மூலைகள்தான் நிறைய. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நவ்நீத் குமாரும் ஜெய்வந்த் அரகேரியும் கம்பிகளைக் கட்டாக நிறுத்தி நீர் ஊற்றிக் காயவைத்தார்கள். கம்பிகள் ஒன்றையொன்று தொடும் இடுக்குகள் வழியே நீர் மேலேறி, நெடுநேரம் வேகமாகக் காய்ந்தது. இந்த ஆய்வுகளைத் தேடிப் படியுங்கள். சிறிய சோதனை, தெளிவான கேள்வி: நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்று பழகுவதற்கு இவற்றைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குழாயிலிருந்து ஆயிரம் குழாய்க்குப் போவது அடுத்த படி. துளைகளைப் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் குழாய்களாகவும் வைத்து ஒரு வலையமைப்பைக் கட்டி, எந்தத் துளை அகலமோ அது முதலில் காலியாகும் என்ற விதியோடு ஓட்டுவது. பிரா 1993-இல் இதைக் காய்தலுக்குக் கொண்டுவந்தார். பைத்தானில் நீங்களே நூறு வரியில் ஒரு சிறு வடிவத்தை எழுதிப் பார்க்கலாம். அப்படி எழுதியவருக்கும் பிறர் எழுதியதை ஓட்டியவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே கேள்வியில் வெளிவந்துவிடும்.

எதைப் படிப்பது, எங்கே படிப்பது

கருவிகளின் வரிசை என் அனுபவத்தில் இதுதான்: முதலில் காகிதம், பிறகு பைத்தான், பிறகு ஓப்பன்ஃபோம். ஓப்பன்ஃபோம் 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் பாய்ம இயக்க மென்பொருள். மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸி திட்டம் இதற்குப் பயிற்சிப் பாடங்கள் வைத்திருக்கிறது. மாணவர்கள் ஆய்வுச் செயல்திட்டம் செய்து அனுப்பவும் இடம் கொடுக்கிறது. அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் பல தமிழிலும் உண்டு. வெப்பமும் பொருளும் கடத்தப்படும் விதத்துக்கு என்பிடெல் பாடங்கள் போதும். காசு கட்டத் தேவையில்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால் மட்டும் கட்டணம். வலையமைப்புக்கு ஓப்பன்பிஎன்எம், நுண்துளை ஊடகங்களுக்கு ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் உருவான டியூமக்ஸ், படத்தை அளக்க இமேஜ்ஜே: எல்லாமே இலவசம். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளைக் கற்றுத்தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கும் குறுகிய காலப் பயிற்சி நிலையங்களுக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். பொத்தானை எங்கே அழுத்துவது என்பதை வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பட்டப்படிப்புக்கு வெளியூர் போக முடியவில்லை என்றால் கவலை வேண்டாம். திருச்செந்தூர் ஆதித்தனார் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, தூய மரியன்னை கல்லூரி, டாக்டர் சிவந்தி ஆதித்தனார் பொறியியல் கல்லூரி என்று பக்கத்திலேயே அடித்தளம் போடலாம். அதற்கு மேலே போக கேட் தேர்வுதான் வாசல். இயற்பியல் அல்லது கணிதம் படித்தவர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று: கேட் தேர்வில் பொறியியல் அறிவியல் என்று ஒரு தாள் இருக்கிறது. கணிதம் கட்டாயம்; அதோடு பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், உணவுத் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளில் இரண்டைத் தேர்ந்துகொள்ளலாம். நம் துறைக்குத் தைத்த சட்டைபோலப் பொருந்துகிற தாள் அது. பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். எம்.எஸ்ஸி.க்கு ஜாம் தேர்வு.

பணம் பற்றி வீட்டில் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முனைவர் பட்டத்துக்கு நெட் தேர்வின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அதன்பின் 42,000. 2023 ஜனவரி முதல் இந்த விகிதம். வீட்டுவாடகைப் படி தனி. கடலுக்குப் போகும் வீட்டில் பிள்ளை ஐந்து ஆண்டு படிப்பது என்பது, அந்த ஐந்து ஆண்டும் வீட்டுக்குக் கொஞ்சமாவது அனுப்ப முடியுமா என்ற கேள்விதான். இந்தத் தொகையில் அனுப்ப முடியும். "உப்பு காயுறதப் பாக்கதுக்கா ஒன்ன காலேஜுக்கு அனுப்புனோம்?" என்று கேட்கிற அம்மாவிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். அவருக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இருக்கிறது.

பெரிய கணினி தேவைப்படும் காலம் வந்தால் திருச்சி என்ஐடியில் 2022 முதல் பரம் பொருள் என்ற மீக்கணினி இயங்குகிறது; 838 டெராஃப்ளாப் திறன். அதற்கு முன் உங்கள் மடிக்கணினி போதும்.

வேலை எங்கே

உணவுப் பக்கம் முதலில். மீனை வேகமாகக் காயவைத்தால் மேற்பரப்பு விறைத்து ஓடுபோலாகி, உள்ளே ஈரம் சிறைப்படும். பார்வைக்குக் கருவாடு, உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். எந்த வெப்பத்தில், எந்தக் காற்றில், எவ்வளவு நேரம் என்று சொல்வது சிமுலேஷன் தெரிந்தவரின் வேலை. தூத்துக்குடியிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம், மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். உலர்த்தும் கருவிகள் செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் ஆள் தேவை. அவை தங்களை சிமுலேஷன் நிறுவனம் என்று அழைத்துக்கொள்ளாததால் நம் பிள்ளைகள் அங்கே விண்ணப்பிப்பதில்லை. உலர்த்தலைத் தனித் துறையாக உலகுக்கு நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் ஓர் இந்தியர்: அருண் முஜும்தார். 1978-இல் கனடாவின் மாண்ட்ரியலில் முதல் சர்வதேச உலர்த்தல் கருத்தரங்கைக் கூட்டியவர். அவர் தொகுத்த நூல்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தால் விடாதீர்கள்.

அடுத்தது வெப்பக் குழாய். மூடிய உலோகக் குழாய், உள்ளே கொஞ்சம் திரவம், உட்சுவரில் நுண்பள்ளங்கள். சூடான முனையில் திரவம் ஆவியாகும். குளிர்ந்த முனையில் மறுபடி திரவமாகும். பள்ளங்கள் வழியே நுண்புழை விசையால் சூடான முனைக்குத் திரும்பும். பம்பு இல்லை, எடையற்ற வெளியிலும் ஓடும். அதனால்தான் செயற்கைக்கோள்களில் வைக்கிறார்கள். உங்கள் மடிக்கணினியிலும் ஒன்று இருக்கக்கூடும். ஆவியாகும் வேகத்துக்குத் திரவம் திரும்பிவர முடியாவிட்டால் பள்ளம் வறண்டு, கருவி எரிந்துபோகும். சுவரில் உப்பு உள்ளே படிவதா வெளியே பூப்பதா என்ற அதே போட்டிதான் இது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து நம் பகுதியில் இஸ்ரோ ஆசை கூடியிருக்கிறது. நல்லது. ஆனால் செயற்கைக்கோளின் வெப்ப வடிவமைப்பு பெங்களூரில் நடப்பது. ஏவுதள வேலை வேறு. விண்ணப்பிக்கும்போது மையத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பியுங்கள். மின்னணுக் குளிர்விப்பில் பெங்களூர், சென்னைத் தனியார் நிறுவனங்கள் வெப்பப் பொறியாளர் என்ற பெயரில் ஆள் எடுக்கின்றன.

மூன்றாவது மின்கலம். லித்தியம் மின்கலத்தின் மின்முனையைக் கூழாகப் பூசித்தான் காயவைக்கிறார்கள். அவசரமாகக் காயவைத்தால் துகள்களைப் பிடித்துவைக்கும் பசை ஆவியோடு மேற்பரப்புக்கு ஏறிவிடும். அடியில் பிடிமானம் போய், பூச்சு தகட்டிலிருந்து உரியும். மெதுவாகக் காயவைத்தால் ஆலையின் உற்பத்தி குறையும். நடுவில் எங்கே நிற்பது என்று சொல்கிறவருக்கு இன்று கிராக்கி. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலை வாகனங்களைப் பொருத்தும் ஆலை. இந்த வேலை அங்கே அல்ல, மின்கலத்தையே தயாரிக்கும் இடங்களிலும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வகங்களிலும் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான நிறுவனம் அது. அதன் கடல்சார் அரிமானப் பிரிவு ஒன்று தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலேயே இருக்கிறது என்பது நம்மவர்களுக்கே அதிகம் தெரிவதில்லை.

பழங்கட்டடப் பாதுகாப்பு, கான்கிரீட், மருந்து உலர்த்தல், பீங்கான், காகிதம் என்று இன்னும் உண்டு. சிவில் படித்தவர்கள் சென்னை ஐஐடியின் பாரம்பரியக் கட்டுமானப் பாதுகாப்புக்கான தேசிய மையத்தைப் பார்த்துவையுங்கள். கடற்கரைத் தேவாலயங்களும் கோயில்களும் நிறைந்த மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வியோடு ஒருவர் போனால் வரவேற்பார்கள் என்றே நம்புகிறேன். வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு துலூஸ், ஜெர்மனியின் மாக்டபுர்க், ஷ்டுட்கார்ட், உப்புப் படிக ஆய்வுக்கு ஆம்ஸ்டர்டாம்: இந்த நான்கு ஊர்களின் ஆய்வுக்குழுப் பக்கங்களைத் தொடர்ந்து பாருங்கள்.

நேர்காணலிலும் கடிதத்திலும்

நேர்காணலில் கேட்பது பெரும்பாலும் இவைதான். கட்டத்தைப் பாதியாக்கியபோது விடை மாறியதா? குழாயிலிருந்து போன நீரும் காற்றுக்குப் போன ஆவியும் எடையில் சமமா? சோதனையோடு ஒப்பிட்டீர்களா, எவ்வளவு வித்தியாசம், ஏன்? கடைசி "ஏன்" முக்கியம். உங்கள் கண்ணாடிக் குழாய் கணக்கைவிட மெதுவாகக் காய்ந்திருக்கலாம். மழை பெய்து ஈரப்பதம் ஏறிய நாட்களா, மெழுகு சரியாக அடைக்காமல் காற்றுக்குமிழி புகுந்ததா என்று நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்ல முடிந்தால், கேட்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். விலகலை மறைத்து நேர்கோட்டை மட்டும் காட்டுகிறவரை யாரும் நம்புவதில்லை. ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று பயப்பட வேண்டாம்; வரைபடத்தைக் காட்டி, கோட்டின் சாய்வு இன்னது, அதன் அலகு இன்னது என்று சொல்லத் தெரிந்தால் மீதியைக் கேட்பவரே புரிந்துகொள்வார்.

கோடை விடுமுறைப் பயிற்சிக்கும் கடைசி ஆண்டுச் செயல்திட்டத்துக்கும் ஆய்வகங்களுக்கு எழுதும்போது, "தங்கள் மேலான நிறுவனத்தில் ஒரு வாய்ப்பு" என்று பொதுவாக எழுதிய மின்னஞ்சல்கள் திறக்கப்படாமலே போகும். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்த விஞ்ஞானியின் ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். நீங்கள் செய்த சோதனையின் வரைபடம் ஒன்று, அதன்மேல் உங்கள் கணக்கின் கோடு, நிரலுக்கான இணைப்பு: இவற்றை இணையுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், தங்குமிடம் தேவையா என்பதையும் சொல்லிவிடுங்கள். கல்லூரித் துறைத்தலைவரின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் வந்தபிறகு அதற்காக அலைந்து தேதியைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குள் சதுரக் குழாய்ச் சோதனையைத் தொடங்கிவிட்டால், நினைவூட்டும் மின்னஞ்சலில் இணைக்கப் புதிதாக ஒரு வரைபடமும் உங்கள் கையில் இருக்கும்.